கிறிஸ்தவராக இருந்துகொண்டு 377 போனதை வரவேற்கலாமா?

கேள்வி இது: “வேதாகமம் ஓரினச்சேர்க்கையைப் பாவம் என்று தெளிவாகச் சொல்கிறது. அப்படியிருக்க, அதைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவை உச்சநீதிமன்றம் தளர்த்தியதை ஒரு கிறிஸ்தவர் எப்படி வரவேற்க முடியும்? சபைகள் அதை எதிர்த்து வழக்காடியது சரிதானே?”

சரியில்லை என்பதுதான் என் பதில். சொல்கிற ஆள் யார் என்று கேட்பீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். நெல்லைப் பக்கம், நான்கு தலைமுறைக் கிறிஸ்தவக் குடும்பம். தாத்தா உபதேசியார். நான் இருபது வருஷத்துக்குமேல் ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுத்தவன். வேதத்தைக் கேலி பேச வந்தவன் இல்லை.

முதலில் அந்தத் “தெளிவாக” என்ற சொல்லைப் பார்ப்போம். எல்லோரும் காட்டும் வசனம் 1 கொரிந்தியர் 6:9. நம் வீடுகளில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பில் “சுயபுணர்ச்சிக்காரரும், ஆண்புணர்ச்சிக்காரரும்” என்று வரும். முதல் சொல்லுக்குக் கிரேக்கத்தில் ‘மலகோய்’. நேர்ப்பொருள், மென்மையானவர்கள். மத்தேயு 11:8இல் யோவான் ஸ்நானனைப் பற்றி இயேசு கேட்கும்போது “மெல்லிய வஸ்திரந்தரித்த மனுஷனையோ?” என்கிறாரே, அந்த ‘மெல்லிய’ என்பதும் இதே சொல்தான். ஓரிடத்தில் பட்டுத்துணி மாதிரி, இன்னோரிடத்தில் சுயபுணர்ச்சி! ஆங்கிலத்திலும் இதே கதை. 1946இல் வந்த ஒரு பெயர் பெற்ற மொழிபெயர்ப்பு இந்த இரண்டு சொற்களையும் சேர்த்து ‘ஹோமோசெக்ஷுவல்ஸ்’ என்று ஒரே சொல்லாகப் போட்டது; 1971இல் அவர்களே அதை மாற்றினார்கள். நாம் மனப்பாடம் செய்த தெளிவு, பாதி மொழிபெயர்ப்பாளர் மேசையில் உண்டானது.

மறுபக்கமும் பாருங்கள். அப்போஸ்தலர் 8இல் பிலிப்புவிடம் ஞானஸ்நானம் பெறுகிறவரை நாம் ‘எத்தியோப்பிய மந்திரி’ என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். மூலத்தில் அவர் ஓர் அண்ணகர் (ஆண்மை நீக்கப்பட்டவர்). மத்தேயு 19:12இல் ‘அண்ணகர்கள்’ என்று எழுதத் தெரிந்த அதே தமிழ், இங்கே அவரை மந்திரியாக்கி நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டது. இத்தனை வருஷமும் அந்தக் கதையை ரதத்தின் படம் வரைந்து சொல்லிக்கொடுத்தேன், எனக்கே தெரியாது.

ஓரினச்சேர்க்கைக்காக அழிந்தது என்று நாம் சொல்லும் சோதோம் பட்டணத்தின் பாவம் என்ன என்று எசேக்கியேல் 16:49 நேராகவே சொல்கிறது: “கெர்வமும், ஆகாரத்திரட்சியும்”, அப்புறம் எளியவனுக்குக் கைகொடுக்காதது. அதை வைத்துப் பிரசங்கம் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. சொல்லப்போனால் இதைச் சொல்ல ஏற்ற இடம் நம் ஊர்க் கல்யாணப் பந்திதான்.

இதற்காக வேதத்தில் ஒன்றுமே இல்லை என்று நான் சாதிக்கவில்லை. லேவியராகமம் 18 இருக்கிறது, ரோமர் 1 இருக்கிறது. தண்ணீர் ஊற்றி அவற்றைக் கரைக்க என்னால் முடியாது. இது பாவம்தான் என்று நம்புகிறவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து நானும் ஆராதிக்கிறேன். என் கேள்வி வேறு. பாவம் என்று நம்புவதற்கும் போலீஸைக் கூப்பிடுவதற்கும் நடுவில் இருக்கிற தூரத்தை எப்போது மறந்தோம்? அதே 1 கொரிந்தியர் பட்டியலின் அடுத்த வசனத்தில் பொருளாசைக்காரர் வருகிறார், வெறியர் வருகிறார் (குடிகாரர் என்று பொருள்), உதாசினர் (பழித்துப் பேசுகிறவர்) வருகிறார். பொருளாசைக்காரரை ஜெயிலில் போடச் சொல்லி எந்தச் சபையும் மனு போட்டதாக நான் கேள்விப்படவில்லை. போட்டால் கமிட்டியில் கோரம் இருக்காது.

இது பாவத்திலிருந்து குற்றமாக மாறியதற்கு ஒரு வருஷம் உண்டு. 1533. அதுவரை இங்கிலாந்தில் திருச்சபை நீதிமன்றங்கள் பார்த்துக்கொண்ட விஷயத்தை எட்டாம் ஹென்றி அரசுச் சட்டமாக்கி மரணதண்டனை வைத்தார். ரோமோடு முறித்துக்கொண்டு, ஒரு மனைவியைத் தள்ளி இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டிருந்த காலத்தில்! பிற்பாடு ஆங்கிலேய அதிகாரி மெக்காலே 1837இல் நமக்குத் தண்டனைச் சட்ட வரைவு எழுத, அது 1860இல் சட்டமாகி 1862இல் அமலுக்கு வந்தது. 377 அதில் ஒரு பிரிவு. கோயில்காரர்களும் பள்ளிவாசல்காரர்களும் இதை நம் பாரம்பரியம் என்று பேசும்போது எனக்குச் சிரிப்பு வரும். நம்மவர்கள் பேசினால் மட்டும் கொஞ்சம் பொருத்தம் உண்டு, சரக்கு நம் கடையிலிருந்து போனதுதான்.

அந்தக் கடைக்காரரே பின்னால் என்ன செய்தார் தெரியுமா? 1965இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபையில், இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைப் பேராயரான கேன்டர்பரி பேராயர் மைக்கேல் ராம்சே, தனிமையில் இரு வயதுவந்த ஆண்கள் சம்மதத்தோடு கூடுவதைக் குற்றமாக்கக் கூடாது என்று ஆதரவாகப் பேசினார். அது பாவம் இல்லை என்று அவர் சொல்லவில்லை. பாவம் என்று நம்பிக்கொண்டே, குற்றம் ஆக்காதீர்கள் என்றார். 1967இல் இங்கிலாந்தில் சட்டம் மாறியது. 2023 ஜனவரியில் போப் பிரான்சிஸ் சொன்னதும் இதேதான்: தன்பாலீர்ப்பு குற்றமல்ல, பாவத்தையும் குற்றத்தையும் முதலில் பிரித்துப் பாருங்கள். நம் நாட்டிலேயே மும்பை கர்தினால் ஆஸ்வால்ட் கிரேசியஸ் 2013இல், இவர்களைக் குற்றவாளிகளாகச் சபை கருதியதே இல்லை என்றார். இவர்கள் யாரும் புரட்சிக்காரர்கள் இல்லை.

ஆனால் வழக்கில் நடந்தது என்ன? 2009 ஜூலையில் டெல்லி உயர்நீதிமன்றம் 377ஐத் தளர்த்தியது. அதை எதிர்த்து உச்சநீதிமன்றம் போனவர்களில் ஒரு ஜோசியர் இருந்தார், முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியம் இருந்தது, கிராந்திகாரி மனுவாதி மோர்ச்சா என்று ஒரு கட்சி இருந்தது. கூடவே அப்போஸ்தலிக் சர்ச்சஸ் அலையன்ஸும் உத்கல் கிறிஸ்தவக் கவுன்சிலும். மனுவாதியும் அப்போஸ்தலிக்கும் ஒரே வரிசையில்! மனு ஸ்மிருதியின் நிழலிலிருந்து தப்பித்துச் சபைக்கு வந்தவர்களின் கொள்ளுப்பேரன் நான். இந்தப் பட்டியலைப் படித்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் படித்தேன்.

2013 டிசம்பர் 11இல் உச்சநீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. எங்களுக்கு அது கேரல் ரவுண்ட்ஸ் நேரம், வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடுவோம். ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு வீட்டு வாசலில் கேக்கும் காப்பியும் கொடுத்தார்கள். சபையில் பெரியவர் ஒருவர், “தீர்ப்பு வந்துட்டு, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்” என்றார். நாங்கள் நாலைந்து பேர் “ஸ்தோத்திரம்” என்றோம். நானும் சொன்னேன். பக்கத்தில் வேனில் சாய்ந்து, கீபோர்டு வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான் என் அக்கா மகன். அவன் சொன்னானா இல்லையா என்று நான் கவனிக்கவில்லை.

நாலு மாசம் கழித்து அவன் தன் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னான். வயது 22. அக்கா அழுதுவிட்டு, யாரோ சொன்னார்கள் என்று ஊருக்கு வெளியே இருந்த ஒரு ஜெப வீட்டுக்கு மூன்று நாள் உபவாச ஜெபத்துக்குக் கூட்டிப்போனாள். கார் ஓட்டியது நான். தகரக் கொட்டகை, சித்திரை வெயில். உள்ளே மைக் அலறியது. நான் வேப்பமரத்தடியில் காரை நிறுத்தி, பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் தலையெல்லாம் எண்ணெயோடு வெளியே வந்தான். அக்கா ஒரு கவரைக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டு வந்தாள். வழியெல்லாம் முன்சீட்டில் உட்கார்ந்து, முழங்கால்மேல் விரலால் ஏதோ வாசித்துக்கொண்டே வந்தான். பாதி வழியில் சொன்னான்: “மாமா, பிசாசே உன் பேரைச் சொல்லுன்னு மூணு நாளா கேட்டாங்க. கடைசில உங்க பேரைச் சொல்லிரலாமான்னு பாத்தேன்.”

அக்கா பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் சிரித்தேன், அப்புறம் சிரிக்க முடியவில்லை.

நான் மாறியது அங்கேதான். ‘மலகோய்’ எல்லாம் அதற்குப் பிறகு தேடிப் படித்தது. நல்ல பிள்ளை மாதிரி அதை முதலில் எழுதிவிட்டேன்.

2018 செப்டம்பர் 6இல் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக, வயதுவந்தோர் சம்மதத்தோடு கூடுவதற்கு 377 பொருந்தாது என்றார்கள். வரலாறு தன்பாலீர்ப்பாளர்களிடம் மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது என்று எழுதினார் நீதிபதி இந்து மல்ஹோத்ரா. அப்போதும் எதிர்த்து வாதாட அதே கிறிஸ்தவ அமைப்புகள் வந்திருந்தன. மத்திய அரசே நீதிமன்றத்தின் முடிவுக்கு விட்டுவிட்ட பிறகும் நம்மவர்கள் விடவில்லை. சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூனில் கொடுத்த உத்தரவு எனக்கு இன்னும் நெருக்கம். தனக்கு இது புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு தீர்ப்பு எழுதினார். ஒருவரின் பாலீர்ப்பை மருத்துவத்தால் ‘குணப்படுத்துகிறேன்’ என்று கிளம்புவதைத் தடை செய்தார். தகரக் கொட்டகைக்கு அது எட்டுமா என்பது வேறு விஷயம்.

கேட்டவருக்கு அரசியலாகவும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2002இல் மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது நினைவிருக்கிறதா? அன்று உபவாசம் இருந்த நாம் சொன்னது என்ன? என் மனசாட்சிக்குள் அரசாங்கம் நுழையக் கூடாது என்றுதானே. 2004இல் அது திரும்பப் பெறப்பட்டது, வடக்கே பல மாநிலங்களில் அதே மாதிரிச் சட்டம் இன்றும் இருக்கிறது. நூற்றுக்கு இரண்டு சொச்சம் பேர் இருக்கிற நாம், பெரும்பான்மைக்கு அருவருப்பாக இருப்பதைத் தண்டிக்க அரசுக்கு உரிமை உண்டு என்று உச்சநீதிமன்றத்தில் போய் வாதாடலாமா? அந்தக் கத்தியைச் சாணை பிடித்துக் கொடுத்தால் அடுத்து யார் கழுத்துக்கு வரும்?

சபைக்குள் நடக்கும் சண்டை தனி. 1998 லாம்பெத் மாநாட்டில் உலக ஆங்கிலிக்கன் பேராயர்கள் 526க்கு 70 என்று, தன்பாலுறவு வேதத்துக்கு ஒவ்வாது எனத் தீர்மானம் போட்டார்கள். அதிலேயே தன்பாலீர்ப்பாளர்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்போம் என்றும் எழுதினார்கள். முதல் பாதியை எல்லோருக்கும் தெரியும். அமெரிக்க மெதடிஸ்டுகளில் இதற்காகவே 7,600 சபைகளுக்குமேல் பிரிந்து போயின. நம் ஊரில் சபை பிளவுபட இவ்வளவு பெரிய காரணம் தேவையில்லை, டயோசிஸ் தேர்தல் போதும். உகாண்டாவில் 2023இல் சில வகைத் தன்பாலுறவுக்கு மரணதண்டனையே வைத்துச் சட்டம் வந்தபோது அங்கத்திய ஆங்கிலிக்கன் பேராயர் வரவேற்றார்; மரணதண்டனை மட்டும் வேண்டாம், ஆயுள்தண்டனை போதும் என்றார். கேள்வி கேட்டவர் அந்த அளவுக்குப் போவாரா என்று எனக்குத் தெரியாது. போகமாட்டார் என்றால் எங்கே நிற்பார், எதை வைத்து அங்கே நிற்பார் என்று அவரே யோசிக்கட்டும்.

மருமகன் இப்போது பெங்களூரில் இருக்கிறான். கோயிலுக்கு வருவது கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனைக்கு மட்டும், கடைசி வரிசை. அக்கா பெண் பார்ப்பதை இன்னும் விடவில்லை. போன தடவை வந்தபோது சாப்பாட்டு மேசையில் ஒரு போட்டோவை அவன் பக்கம் தள்ளினாள். எடுத்துப் பார்த்துவிட்டு, “பொண்ணு வீட்டுல கீபோர்டு இருக்காம்மா?” என்று கேட்டான். அக்கா பதில் சொல்லாமல் அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.