காலண்டரில் பால் கணக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

காரைக்குடியில் இருக்கிறேன், வயது 34. இரண்டு வருடத்துக்கு முன் பழைய பெட்ரோல் கார் ஒன்று வாங்கினேன். பிள்ளையைப் பள்ளியில் விட, வேலைக்குப் போக, எப்போதாவது பிள்ளையார்பட்டி, குன்றக்குடி. மாதம் 400 கிலோமீட்டர் ஓடினால் அதிகம். ஓட்டமே இல்லாத வண்டிக்கு வருடா வருடம் சர்வீஸ் எதற்கு என்று போன தடவை விட்டுவிட்டேன். மைலேஜ் கூடுவதற்குப் பெட்ரோலில் ஊற்றும் மருந்து பலன் தருமா? பேசாமல் வண்டியை விற்றுவிடலாமா? வீட்டுச் செலவும் கையை மீறிப் போகிறது. அம்மா இன்னமும் பால் கணக்கைக் காலண்டரில் குறிக்கிற பழைய காலத்து ஆள், அவரிடம் இதையெல்லாம் பேச முடியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஒரு வாசகர், காரைக்குடி

அன்புள்ள தம்பிக்கு,

போன வாரம்தான் அப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து அவருடைய வண்டி நோட்டுகளை எடுத்து வைத்தேன். அந்த நினைப்பிலேயே இருந்தபோது உங்கள் கடிதம் வந்தது. அதில் பால் கணக்கு வரியைப் படித்ததும் உங்கள் மேல் கோபமும் வந்தது, பாசமும் வந்தது.

முதலில் மருந்து. வண்டியோடு வந்த கையேட்டில் சொல்லாத எதையும் டேங்கில் ஊற்ற வேண்டாம். அதைப் பற்றிப் பேச வேறு ஒன்றுமில்லை.

சர்வீஸை விட்டது தப்பு, தம்பி. ஓட்டம் குறைவு என்பதை நீங்கள் வண்டிக்கு ஓய்வு கொடுத்த மாதிரி நினைக்கிறீர்கள். பள்ளிக்கூடம் வரை போய் அணைக்கிறீர்கள், இன்ஜின் முழுச்சூடு ஏறுவதற்குள் ஓட்டம் முடிந்துவிடுகிறது. பெட்ரோல் எரியும்போது உண்டாகிற நீராவியும் எரியாமல் தங்கும் பெட்ரோலும் கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலில் இறங்கும். திருச்சி வரை ஒரே ஓட்டமாகப் போகிற வண்டியில் அந்தச் சூட்டிலேயே ஆவியாகிப் போய்விடும். உங்கள் வண்டியில் அது உள்ளேயே கிடக்கும். பெரும்பாலான கையேடுகளில் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அது என்று போட்டிருப்பது உங்களைப் போன்றவர்களுக்காகத்தான். சின்ன காருக்கு மூன்று, மூன்றரை லிட்டர் ஆயில், ஒரு ஃபில்டர். அந்தச் செலவை மிச்சம் பிடித்து இன்ஜினைப் பணயம் வைக்கிறீர்கள். பிரேக் ஆயிலும் நின்ற இடத்திலேயே காற்றின் ஈரத்தை இழுக்கும். இரண்டு வருடம் ஆகிவிட்டது என்றால் அதையும் மாற்றச் சொல்லுங்கள்.

சரி, அப்பாவின் நோட்டுக்கு வருகிறேன். அவர் உங்கள் ஊர்ப் பக்கத்துக் கானாடுகாத்தானில் ஒரு செட்டியார் வீட்டில் 22 வருடம் அம்பாசடர் ஓட்டினார். அந்த வீட்டுக் கணக்கில் எழுதுவதைப் பார்த்து இவரும் ஒவ்வொரு பக்கத்திலும் மேலே 'சிவமயம்' எழுதித்தான் தொடங்குவார். கீழே பென்சிலில், 'காரைக்குடி போய் வர 29 கி.மீ. பெட்ரோல் 20 லி. நாலு சக்கரமும் காற்று பிடித்தது. பேட்டரிக்குத் தண்ணீர் விட்டது.' அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை காலையில் வண்டியைக் கிளப்புவதற்கு முன் ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவி, பழைய வேட்டித் துணியில் துடைத்து, திரும்பச் செருகி உருவி, வீட்டு முகப்பு வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். நான் வெந்நீர்ச் செம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பேட்டரி முனையில் உப்புப் பூத்த மாதிரி வெள்ளை படிந்திருந்தால் வயரைக் கழற்றிவிட்டு, ஆப்ப சோடாவைத் தூவி வெந்நீர் விட்டுக் கழுவுவார். காய்ந்ததும் வயரை மாட்டி மேலே கிரீஸ் தடவுவார். துருவையும் பேட்டரியையும் ஆராய்ச்சி செய்கிற சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், உங்கள் ஊரிலேயே இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953இல் திறந்த நிலையம். அந்த வாசலைத் தாண்டிப் போகிறபோதாவது பானெட்டைத் திறந்து பார்க்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்ற வேண்டாமா?

நான் சொல்ல வந்தது அந்த வீட்டு ஆச்சியைப் பற்றி. மாதக் கடைசியில் வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், தூணோரம் உட்கார்ந்து நோட்டை வாங்கிப் பார்ப்பார். ஸ்டியரிங்கைத் தொட்டது கூடக் கிடையாது. ஒரு தடவை மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார், "போன மாசம் லிட்டருக்கு ஒம்பது ஓடிருக்கு. இந்த மாசம் ஏழுதான். ஏம்ப்பா?"

அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. பெட்ரோலை எடுத்துவிட்டதாகச் சந்தேகப்படுகிறாரோ என்று. மறுநாள் காரைக்குடி போய்த் திரும்பியதும் வண்டியை நிறுத்திவிட்டு ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையைக் கொண்டுபோனார். மூன்று சக்கரம் வெதுவெதுப்பு. பின்பக்கம் இடதில் கை வைக்க முடியவில்லை, தோசைக்கல் மாதிரிச் சூடு. பிரேக் விடாமல் கவ்விக்கொண்டு இருந்திருக்கிறது, வண்டி அதையும் இழுத்துக்கொண்டே ஓடியிருக்கிறது. வளவில் உட்கார்ந்தபடி ஆச்சி அதைப் பிடித்துவிட்டார். அப்பா போய்ச் சொன்னபோது, "நல்லதாப் போச்சு, ரோட்டுல மாட்டாம இருந்துச்சே" என்றாராம். பெட்ரோலைப் பற்றி அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

பர்மாவிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்தி, ஐந்தொகை, அதாவது இருப்பையும் கடனையும் ஒப்பிடும் கணக்கு, போட்டுப் பார்த்த ஊர் இது. "எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது" என்பார்கள். கஞ்சத்தனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தம்பி. கஞ்சர் ஆயிலை மாற்ற மாட்டார். ஆச்சி பிரேக்குக்கு ஆன செலவை உடனே கொடுத்தார்.

எனக்கே இது உறைக்காமல் போனது. 2014இல் சொந்தக் கார் வாங்கினேன், நோட்டுப் போடவில்லை. இன்ஜினைக் குளிர வைக்கிற கூலன்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருக்கிறது, நான் பார்க்கவே இல்லை. திருமயம் கோட்டை தெரிகிற இடத்தில், இன்ஜின் சூடேறியதைக் காட்டும் சிவப்பு விளக்கு வண்டியில் எரிந்தது. இதோ ஊர் வந்துவிடும் என்று ஓட்டினேன். இன்ஜினின் மேல்பாகத்தை இறுக்கி அடைக்கிற ஹெட் கேஸ்கட் போய்விட்டது, பில் 41,000. ஆரம்பம் என்னவென்றால், ஒரு ரப்பர் குழாயில் ஊசிக்கண் அளவு ஓட்டை. அப்பா திட்டவில்லை. "எத்தனை நாளாத் தண்ணி பாக்கல?" என்று மட்டும் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

இப்போது உங்கள் அம்மா. காலண்டரில் பால் மட்டும்தான் இருக்கிறதா? போய்ப் பாருங்கள். சிலிண்டர் மாற்றிய தேதியும் இருக்கும். 45 நாள் வந்த சிலிண்டர் 36 நாளில் தீர்ந்தால் அதைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிடும். பர்னர் கண் அடைத்திருக்கிறதா, ரப்பர் டியூப் வெடித்திருக்கிறதா, குக்கர் கேஸ்கட் தளர்ந்து ஆவி போகிறதா என்று தேடத் தொடங்கிவிடுவார். ஆச்சி பிரேக்கைப் பிடித்தது போலத்தான் இதுவும். இப்படி ஒருவரை வீட்டில் வைத்துக்கொண்டு, அவரிடம் பேச முடியாது என்று முன்பின் தெரியாத எனக்குக் கடிதம் எழுதுகிறீர்களே! மாத முதல் தேதி கரண்ட் மீட்டரின் எண்ணையும் அதே காலண்டரில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். இத்தனை யூனிட் வரை இலவசம் என்று இருக்கிறது. அதற்கு மேல் எவ்வளவு ஏறுகிறது, எந்த மாதம் ஏறியது என்று தெரிந்தால் மோட்டாரா, ஃபிரிட்ஜ் கதவின் ரப்பரா என்று தேடலாம்.

காருக்கும் அப்படியே. டேங்க்கை நிரப்புங்கள், கிலோமீட்டரைக் குறியுங்கள். அடுத்த முறை நிரப்பும்போது ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் போதும். மாதம் 400 கிலோமீட்டரில், 16 கொடுத்த வண்டி 13 கொடுத்தால் கிட்டத்தட்ட 6 லிட்டர் எங்கோ போகிறது. முதலில் டயர் காற்றைப் பாருங்கள். ஓட்டுவதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போது பிடிக்க வேண்டும். எவ்வளவு என்பது டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். காற்று குறைந்த டயர் இரண்டு ஓரத்திலும் தேயும், அதையும் குனிந்து பாருங்கள். அப்புறம் ஏர் ஃபில்டர், அப்புறம் பிரேக்.

வண்டியை விற்பதா என்று கேட்டிருந்தீர்கள். ஆயிலை இந்த வாரமே மாற்றிவிடுங்கள். மூன்று மாதம் எழுதிவிட்டு, அந்த நோட்டை முதலில் அம்மாவிடம் காட்டுங்கள்.

அன்புடன்,
அக்கா