எக்லிப்ஸ் முழுக்கச் சிவப்பு: ஆள் வைத்துச் சரிசெய்யலாமா?

கேள்வி: புதுக் கம்பெனியில் சேர்ந்திருக்கிறேன். 2016-ல் எழுதிய ஜாவா வெப் அப்ளிகேஷன் ஒன்றைக் கொடுத்து, "லோக்கலில் செட்டப் பண்ணிக்கோங்க" என்றார் டீம் லீட். ஜாவா 21, அப்ளிகேஷனை ஓட்டும் சர்வரான டாம்கேட் 10.1, கோடு எழுதும் கருவியான எக்லிப்ஸ் என எல்லாவற்றையும் புதிதாக இறக்கினேன். புராஜெக்ட்டைத் திறந்தால் எங்கு பார்த்தாலும் சிவப்புப் பிழைக்குறி. ஒருவழியாக பில்ட் ஆனாலும் லாகின் பக்கம் 404, அதாவது 'பக்கம் இல்லை' என்கிறது. 'ஜாப் சப்போர்ட்' என்று பிறர் வேலையைக் காசுக்கு முடித்துத் தருகிற ஒருவர், தொலைவிலிருந்தே என் லேப்டாப்பை இயக்க எனிடெஸ்க் இணைப்பு கொடுத்தால் 6,000 ரூபாய்க்கு முடித்துத் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பணத்துக்காக இதைச் சொல்லவில்லை. அந்த லேப்டாப் கம்பெனியுடையது. எனிடெஸ்க் திறந்ததும் முழு சோர்ஸ் கோடும் அவர் கைக்குப் போய்விடும். உங்கள் ஹோம் ஃபோல்டரில் மேவனின் (லைப்ரரிகளை இறக்கி பில்ட் செய்யும் கருவி) செட்டிங்ஸ் கோப்பு இருந்தால், அதில் கம்பெனியின் லைப்ரரிக் கிடங்கான நெக்ஸஸின் பாஸ்வேர்டு இருக்கலாம். பழைய புராஜெக்ட் என்றால் டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் ஏதாவதொரு பிராப்பர்டீஸ் கோப்பில் பச்சையாகக் கிடக்கும். இப்படி வெளியாளுக்குத் திரையைத் திறந்துவிட்டது தெரிந்தால் வேலையே போகும்.

இந்த ஆட்கள் செய்கிற 'ரிப்பேரை'யும் பார்த்திருக்கிறேன். பிழை காட்டுகிற வரிகளை, மேவனுக்கான பில்ட் குறிப்புகள் உள்ள பாம் கோப்பிலிருந்து (pom.xml) அழிப்பார்கள், டெஸ்ட்களை ஸ்கிப் செய்வார்கள், சிவப்பு மறைந்ததும் பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்புவார்கள். அந்த பாம் கோப்பை நீங்கள் தெரியாமல் கமிட் செய்தால், அடுத்த நாள் டீமில் எல்லோருக்கும் பில்ட் உடையும். அப்புறம் அதற்கும் அவரையே கூப்பிடுவீர்கள். அவருடைய வருமானமே அதில்தான் இருக்கிறது.

சரி, உங்கள் சிக்கலுக்கு வருவோம். எல்லாவற்றையும் புதிதாகப் போட்டதுதான் காரணம். வெப் அப்ளிகேஷன்கள் பயன்படுத்தும் ஜாவா ஈஈ-யை, ஜாவாவை வைத்திருக்கும் ஆரக்கிள் நிறுவனம் 2017-ல் எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் கொடுத்தது, ஆனால் அதன் பேக்கேஜ்களின் 'ஜாவாஎக்ஸ்' (javax) என்ற பெயரை வைத்துக்கொண்டு மேலே வளர்க்க விடவில்லை. அதனால் 2020-ல் பேக்கேஜ் பெயர்களெல்லாம் 'ஜகார்த்தா' என்று மாறின. டாம்கேட் 9 வரை பழைய பெயர், 10 முதல் புதுப் பெயர். உங்கள் 2016 கோடில் இருப்பது பழைய பெயர். டாம்கேட் 10, பக்கங்களைத் தருகிற அந்த ஜாவா கோடுகளை (செர்வ்லெட்டுகளை) கண்டுகொள்ளாது. பெரும்பாலும் பிழை எதுவும் காட்டாமல் அப்ளிகேஷனை ஏற்றிவிட்டு 404 கொடுக்கும். பெயர் தகராறு இரண்டு நிறுவனங்களுக்கு இடையே, தூக்கம் கெடுவது உங்களுக்கு! டாம்கேட் 9 போடுங்கள்.

ஜாவாவும் அப்படித்தான். பாம் கோப்பில் சோர்ஸ், டார்கெட் என்ற இடங்களில் 1.8 என்று இருந்தால் அது ஜாவா 8-தான், அதையே போடுங்கள். எக்ஸ்எம்எல் வேலைக்கான ஜாக்ஸ்பி (JAXB) போன்றவற்றை 2018-ல் வந்த ஜாவா 11-லேயே நீக்கிவிட்டார்கள். உங்கள் சிவப்பில் பாதி அதனால் வந்ததாக இருக்கும். ஆனால் ஆரக்கிள் தளத்திலிருந்து இறக்காதீர்கள். 2019-க்குப் பிறகு அங்கே வந்த ஜாவா 8 அப்டேட்களை அலுவலக வேலைக்குப் பயன்படுத்தச் சந்தா கட்ட வேண்டும். 2023 முதல் அந்தச் சந்தாவைக் கம்பெனியின் மொத்த ஊழியர் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடுகிறார்கள். அடோப்டியம் தரும் டெமுரின் என்ற ஜாவா இலவசம், அதுவே போதும்.

'பழையதைப் போடு' என்ற இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள், அதனால் மெதுவாகப் படியுங்கள். எக்லிப்ஸ் தான் ஓடுவதற்கு ஒரு ஜாவா வேண்டும், உங்கள் கோடு ஓடுவதற்கு ஒரு ஜாவா வேண்டும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. 2024 செப்டம்பருக்குப் பின் வந்த எக்லிப்ஸுக்கு ஜாவா 21 கட்டாயம், அது பேக்கேஜுடனேயே வரும். ஆகவே ஜாவா 8 போட்ட கையோடு எக்லிப்ஸின் eclipse.ini என்ற அமைப்புக் கோப்பைத் திறந்து அதையும் 8-க்கு மாற்றாதீர்கள், எக்லிப்ஸ் திறக்கவே திறக்காது. அதை அப்படியே விட்டுவிட்டு, பிரிஃபரன்ஸில் 'இன்ஸ்டால்ட் ஜேஆர்ஈ' பகுதியில் ஜாவா 8-ஐச் சேர்த்து, புராஜெக்ட்டின் பில்ட் பாத்திலும் டாம்கேட் செட்டிங்கிலும் அதைத் தேர்ந்தெடுங்கள். கட்டளைத் திரையில் ஓடுகிற மேவன் இவற்றில் எதையும் பார்க்காது, கணினி அமைப்பில் உள்ள ஜாவா ஹோம் (JAVA_HOME) என்ற மாறி காட்டுகிற ஜாவாவையே எடுக்கும். எனவே அதையும் 8-க்குத் திருப்புங்கள்.

அப்புறம் புராஜெக்ட்டை எக்லிப்ஸிலிருந்து நீக்கி, 'எக்ஸிஸ்டிங் மேவன் புராஜெக்ட்ஸ்' வழியாக மறுபடி இம்போர்ட் செய்யுங்கள். நீக்கும்போது டிஸ்கிலிருந்தும் அழிக்கவா என்று கேட்கும், அந்தப் பெட்டியை டிக் செய்யாதீர்கள்.

லைப்ரரிகள் இறங்காமல் 'பிளாக்ட்' என்று வந்தால் பயப்பட வேண்டாம். 3.8.1 முதல் மேவன், பாதுகாப்பில்லாத வெறும் ஹெச்டிடிபி முகவரிகளைத் தடுக்கிறது. இணையத்தில் யாரோ சொன்னார்கள் என்று அந்தத் தடையை எடுக்காமல், கம்பெனியின் செட்டிங்ஸ் கோப்பை லீடிடம் கேளுங்கள்.

கேட்பதில் வெட்கம் வேண்டாம். புரொடக்‌ஷனில் எந்த ஜாவா, எந்த டாம்கேட் என்று ஒரு ரீட்மீயில் எழுதி வைத்திருந்தால் நீங்கள் எனக்கு எழுதியிருக்கவே மாட்டீர்கள். பெரிய கம்பெனிகளில்கூட இந்தத் தகவல் சீனியர் ஒருவரின் தலைக்குள் இருக்கிறது, அவர் லீவில் போனால் டீமே காத்திருக்கிறது. அந்த இரண்டு எண்களையும் லீடிடம் மெயிலில் கேட்டு வாங்குங்கள். நான் மேலே சொன்னதும் அவர் சொல்வதும் வேறுபட்டால், அவர் சொல்வதையே போடுங்கள்.

டேட்டாபேஸ் யூசர், விபிஎன், நெக்ஸஸ் மூன்றுக்கும் இன்றைக்கே டிக்கெட் போட்டுவிடுங்கள். டாம்கேட்டை மாற்ற அதிக நேரம் ஆகாது, ஒப்புதல் கிடைக்கத்தான் ஆகும்.