மேயருக்கு ஓட்டுப் போட்டது யார்?

கேள்வி: 2019 டிசம்பரில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் வாக்குச்சாவடியில் நான்கு நிறங்களில் நான்கு வாக்குச்சீட்டுகள் கொடுத்தார்கள். சென்னை ராயபுரத்தில் குடியிருக்கும் என் மகனோ, 2022 பிப்ரவரியில் இயந்திரத்தில் ஒரே ஒரு முறை பொத்தானை அழுத்திவிட்டு வந்ததாகச் சொல்கிறான். அப்படியானால் மேயருக்கு அவன் எப்போது ஓட்டுப் போட்டான்?
(வாசகி, தங்கச்சிமடம்)

பதில்: மேயருக்கு அவர் ஓட்டுப் போடவே இல்லை, அம்மா. தம் வார்டு கவுன்சிலருக்குத்தான் போட்டார். சென்னையின் 200 வார்டுகளில் வென்ற கவுன்சிலர்கள் மார்ச் 2ஆம் தேதி பதவியேற்று, மார்ச் 4ஆம் தேதி மாமன்றத்தில் கூடி மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். பட்டியலினப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்த அந்தப் பதவிக்கு 74ஆவது வார்டின் கவுன்சிலர் பிரியா, 28 வயதில், போட்டியின்றித் தேர்வானார். இதைத்தான் மறைமுகத் தேர்தல் என்கிறோம்.

உங்கள் கையில் இருந்த நான்கு சீட்டுகளில் இளஞ்சிவப்புச் சீட்டு ஊராட்சித் தலைவருக்கு உரியது. அதை விரித்து, முத்திரை குத்தி, மை மறுபக்கம் ஒட்டாதபடி மடித்துப் பெட்டிக்குள் போட்ட அந்தக் கணத்தில், தங்கச்சிமடத்தின் தலைவர் யார் என்பதை நீங்களே நேரடியாகச் சொல்லிவிட்டீர்கள். உங்கள் ஊரிலிருந்து பேருந்தில் சற்று நேரம் போனால் வரும் இராமேஸ்வரம் நகராட்சி என்பதால், அங்கே குடியிருப்பவருக்கு இந்த உரிமை இல்லை. அவருடைய நகர்மன்றத் தலைவரையும் கவுன்சிலர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரே தீவுக்குள் இரண்டு முறைகள் இருப்பதைச் சென்னையில் உள்ள உங்கள் மகனிடமும் சொல்லுங்கள்.

கேள்வி: முன்பு மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்களே, அது ஏன் மாறியது?
(வாசகர், கீழக்கரை)

பதில்: 1973இல் கலைக்கப்பட்ட சென்னை மாநகராட்சிக்கு 1996இல்தான் மறுபடியும் தேர்தல் நடந்தது. அப்போதும் 2001லும் மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள்; இரண்டு முறையும் மு.க.ஸ்டாலின் வென்றார். 2006இல் மறைமுகத் தேர்தல் வந்தது, 2011இல் மீண்டும் நேரடித் தேர்தல் வந்து சைதை துரைசாமி மேயரானார். அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. 2016இல் மறைமுகம் என்று சட்டம் திருத்தப்பட்டது, 2018இல் நேரடி என்று மாறியது, 2019 நவம்பரில் அவசரச் சட்டத்தின் மூலம் மறுபடியும் மறைமுகம் ஆனது. இத்தனை மாற்றங்களுக்கும் இடையில் ஒரு நகர்ப்புறத் தேர்தல்கூட நடக்கவில்லை. 2016 அக்டோபர் முதல் 2022 மார்ச் வரை, மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவர்கூட இல்லாமல், தனி அலுவலர்களே நம் நகரங்களை நிர்வகித்தார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடத்த வேண்டும் என்று அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் சொல்லியும் இப்படி நடந்தது.

நேரடியாக வரும் மேயர் ஒரு கட்சி, மாமன்றப் பெரும்பான்மை வேறு கட்சி என்று அமைந்துவிட்டால் தீர்மானங்கள் முடங்கிப்போகும் என்பதே மறைமுக முறையை ஆதரிப்பவர்களின் வாதம். அது வெறும் சாக்கு அல்ல. அப்படி முடங்கவும் கூடும். ஆனாலும் என் மனம் நேரடித் தேர்தலின் பக்கமே நிற்கிறது. உங்கள் கீழக்கரையில் உள்ளவை 21 வார்டுகள். பதினொரு பேர் ஒரு பக்கம் சாய்ந்தால் தலைவர் கிடைத்துவிடுகிறார்; அந்தப் பதினொரு பேர் யார் என்பதும் வெளியே தெரியாது, ஏனெனில் மன்றத்துக்குள் நடப்பது ரகசிய வாக்கெடுப்பு. வாக்காளரின் ரகசியத்தைக் காப்பது நியாயம்; ஆனால் நமக்காக அனுப்பப்பட்டவர் யாருக்கு வாக்களித்தார் என்பதை நம்மிடமே மறைப்பது எப்படி நியாயமாகும்? 2022 மார்ச்சில் கூட்டணிக் கட்சிகளுக்கு ஒதுக்கப்பட்ட சில தலைவர் பதவிகளைத் திமுகவினரே போட்டியிட்டுப் பிடித்தபோது, கட்சித் தலைமையே அவர்களைப் பதவி விலகச் சொல்ல நேர்ந்ததையும் பார்த்தோம். 2024இல் கோவை, நெல்லை மேயர்கள் விலகியபோது, அடுத்தவரைத் தேர்ந்தெடுத்ததும் கவுன்சிலர்கள்தான்.

கேள்வி: நம் இராமநாதபுரம் மாவட்டத்துக்கு ஒரு மேயர் வருவாரா?
(வாசகர், மண்டபம்)

பதில்: மாநகராட்சிக்குத்தான் மேயர் உண்டு. இராமநாதபுரம், பரமக்குடி, கீழக்கரை, இராமேஸ்வரம் ஆகிய நான்கும் நகராட்சிகள். உங்கள் மண்டபம் பேரூராட்சி. பக்கத்துக் காரைக்குடி 2024இல் மாநகராட்சி ஆயிற்று.

ஆனால் மேயர் என்ற பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். ஊராட்சித் தலைவர், துணைத் தலைவரோடு சேர்ந்து காசோலையில் கையெழுத்திடுகிறார். மேயரோ மாமன்றக் கூட்டத்துக்குத் தலைமை வகிக்கிறார். நிர்வாகத்தை நடத்துகிறவர் மாநில அரசு நியமிக்கும் ஆணையர். ஆகவே மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தாலும், ஆணையரிடம் இருக்கும் அதிகாரத்தில் ஒரு பங்காவது மேயரின் கைக்கு வரும் வரை அந்த வாக்குக்கு முழுப் பயன் இருக்காது.