நவம்பர்லயே கிறிஸ்துமஸ் பாட்டா? திருநெல்வேலி டவுன் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, அண்ணாச்சின்னு கூப்பிட்டு நாலு விஷயம் கேட்டிருக்கீங்க. டொரண்டோவுல கடை வேலைக்குச் சேர்ந்திருக்கீங்க. நவம்பர் 1-லருந்து ஷிஃப்ட் முழுக்க கிறிஸ்துமஸ் பாட்டு ஓடுது. கூட வேலை பாக்குறவங்கள்ல சிலர் ரசிக்கிறாங்க, சிலர் கரிச்சுக் கொட்டுறாங்க. நீங்க எந்தப் பக்கம் சேரணும்? இது ஒண்ணு. மத்தது வாடகை, குளிர் ஜாக்கெட், கிரெடிட் கார்டு. அதுக்குப் பதில் சொல்ல இங்க ஆயிரம் பேர் இருக்காங்க. ஜாக்கெட்டுல மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீங்க. பாட்டு விஷயத்தை நான் சொல்றேன். நானும் வந்த புதுசுல ஒரு பெரிய கடையில ராத்திரி ஷிஃப்ட்டுல அட்டைப்பெட்டி பிரிச்சு ரேக்குல அடுக்கிக்கிட்டு, மேல கூரையிலருந்து அதே பாட்டை விடிய விடியக் கேட்டவன்தான்.

முதல்ல ஒண்ணு. வேலையில நிரந்தரமா வச்சுக்கலாமான்னு பாக்குற புரொபேஷன் காலம் முடியுற வரைக்கும் எந்தப் பக்கமும் சேராதீங்க. இங்கயே பிறந்து வளர்ந்தவன் அந்தப் பாட்டைத் திட்டினா, பாவம், சலிச்சுப் போச்சுன்னு சிரிப்பாங்க. அதையே நீங்க சொன்னா, உங்க பேரையும் நெத்தியையும் பாத்துட்டு, இவருக்கு நம்ம பண்டிகையே ஆகலைன்னு முடிவு கட்டிருவாங்க. நம்ம ஜில்லாப் பையன் ஒருத்தன் சூப்பர்வைசர்கிட்ட "எங்க மதத்துல இது கிடையாது, நிறுத்துங்க"ன்னு போய் நின்னான். பாட்டும் நிக்கல, அவன்கிட்ட யாரும் கலகலப்பாப் பேசுறதும் நின்னுபோச்சு.

தலைவலி தாங்கலைன்னா தலைவலின்னு மட்டும் சொல்லுங்க. பெரும்பாலும் பாட்டு வரிசை ஹெட் ஆபீஸ்லருந்து வரும். கடை மேனேஜர் நினைச்சாலும் மாத்த முடியாது. ஆனா சத்தத்தைக் குறைக்கலாம், உங்களைக் கொஞ்ச நாள் பின்பக்கம் சரக்கு இறக்குற இடத்துக்கு மாத்தலாம். காதுல இயர்போனைச் செருகிக்கிட்டு வேலை பாக்காதீங்க. போர்க்லிப்ட் போற இடத்துல அது உயிருக்கே ஆபத்து, எழுத்துல எச்சரிக்கையும் வாங்கிருவீங்க.

உங்க எரிச்சல்ல தப்பே இல்ல. கடைக்கு வர்றவன் அரைமணி நேரம் கேட்டுட்டுப் போயிருவான், ஊழியன் எட்டு மணி நேரம் கேக்கணும். 2003-ல ஆஸ்திரியாவுல கடை ஊழியர் தொழிற்சங்கமே இதை எதிர்த்துக் குரல் குடுத்துது. உலகமே பாடுற 'சைலண்ட் நைட்' 1818-ல முதமுதலா ஒலிச்சது அதே ஆஸ்திரியாவுல, ஓபெர்ன்டார்ஃப்னு ஒரு சின்ன ஊர்க் கோயில்ல.

கனடாக்காரங்களுக்குள்ளயே இதுல ஒத்த கருத்து கிடையாது. நவம்பர் 11 போர்ல செத்தவங்களை நினைக்கிற நாள். சட்டையில சிவப்புப் பாப்பிப்பூ குத்தியிருப்பாங்களே, பாத்திருப்பீங்க. அது கழியுற வரைக்கும் கிறிஸ்துமஸ் பாட்டு போடுறது மரியாதை இல்லைன்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க. 2012-ல ஒரு பெரிய மருந்துக்கடை நிறுவனம் நவம்பர் தொடக்கத்துலயே பாட்டைப் போட்டு, புகார் குவிஞ்சதும் நிறுத்தி வச்சுது. அந்த 11-ஆம் தேதிக் கணக்கு எனக்கும் சரின்னு படுது. பக்தியுள்ள ஆங்கிலிக்கன்காரங்க, அதான் இங்கிலாந்து சபை வழியில வந்தவங்க, இன்னும் கறார். டிசம்பர் 24 சாயங்காலம் வரைக்கும் அட்வென்ட், காத்திருக்கிற காலம். அப்ப பிறப்புப் பாட்டு பாடக்கூடாதும்பாங்க. நம்ம பெந்தெகோஸ்தே ஆளுங்கள்ல பலபேர் கிறிஸ்துமஸே கொண்டாட மாட்டாங்க. கடையில ஓடுறதுல பாதிக்கும் மதத்துக்கும் சம்பந்தமும் இல்ல. 1857-ல அச்சான 'ஜிங்கிள் பெல்ஸ்'ல கிறிஸ்துமஸ்ங்கிற சொல்லே கிடையாது, பனியும் குதிரைவண்டியும்தான். அதனால மதம் மாத்தப் பாக்குறாங்களோன்னு நீங்க பயப்படவும் வேண்டாம், ஒருத்தன் அதைத் திட்டினா நான் கோபப்படவும் வேண்டாம்.

எனக்கு வருத்தம் நம்ம ஆளுங்க மேலதான். இங்க இருபது வருஷமா இருந்துக்கிட்டு, டிசம்பர் ஆனா "நம்மூர் கிறிஸ்துமஸ் போல வருமா"ன்னு சோபாவுல உக்காந்து பெருமூச்சு விடுறவங்க ஒரு கூட்டம். பாடக் கூப்பிட்டா வரமாட்டாங்க. இன்னொரு கூட்டம் வேன்ல கேரல் ரவுண்ட்ஸ் வரும். செருப்பைக்கூட அவுக்காம ரெண்டு சரணம் பாடி, காணிக்கைக் கவரை வாங்கி, போட்டோ எடுத்துட்டு அடுத்த வீட்டுக்கு ஓடிரும். வீட்டுல தனியா இருக்குற கிழவிகிட்ட ஒரு வார்த்தை பேச நேரம் இருக்காது. அதைப் பாக்குறப்பல்லாம் மனசு கொதிக்கும்.

பாளையங்கோட்டையில ஊசிக்கோபுரம் சர்ச்சுக்குப் பக்கத்துத் தெருவுலதான் எங்க வீடு. கேரல்காரங்க வர ராத்திரி ஒரு மணி, ரெண்டு மணி ஆயிரும். ஹார்மோனியத்தைத் துண்டுல கட்டிக் கழுத்துல தொங்கவிட்டு எங்க மாமா வாசிப்பாரு. பனியில அதோட கட்டை சில சமயம் அமுங்கினா மேல வராது, பாடிக்கிட்டே நகத்தால நெம்பி விடுவாரு. பாமாலை பாடணுமா கீர்த்தனை பாடணுமான்னு தெருமுனையில பெரிய வழக்கே நடக்கும். பாமாலைன்னா வெள்ளைக்காரன் மெட்டு, அது பெரிசுகளுக்குப் பிடிக்கும். மாமாவுக்கு நம்ம ராகத்துல பாடுற கீர்த்தனைதான் உசுரு, 1774-ல நம்ம திருநெல்வேலியில பிறந்து கிறிஸ்தவக் கீர்த்தனைகள் எழுதின வேதநாயக சாஸ்திரியாரைச் சொல்லித்தான் வாதாடுவாரு. எதிர்வீட்டு ஆச்சி விபூதியோட நடையில உக்காந்து கடைசிப் பாட்டு வரைக்கும் கேப்பா. எங்க அம்மா எல்லாருக்கும் சுக்குக்காப்பியும் முந்திரிக்கொத்தும் குடுப்பா. மார்கழி பிறந்துட்டா ஒரு பக்கம் கோயில் ஸ்பீக்கர்ல திருவெம்பாவை, இன்னொரு பக்கம் சர்ச் ஸ்பீக்கர்ல பிறப்புப் பாட்டு, ரெண்டும் விடியக்காலையில ஒண்ணாக் கேக்கும். ரதவீதிக்காரர் நீங்க, உங்களுக்கு நான் சொல்லவா வேணும்.

அங்க பாட்டு ஆளோட வாசலுக்கு வந்துது. இங்க ஆள் இல்லாம கூரையிலருந்து வருது. உங்களைப் படுத்துறது அதுதான்னு நான் நினைக்கிறேன். என்னைத் தேத்தினது, பேஸ்மென்ட்ல என்கூடத் தங்கியிருந்த யாழ்ப்பாணத்து அண்ணன். "தம்பி, வாரும், பாடப் போவம்"னு ஒருநாள் இழுத்துட்டுப் போனாரு. அதே கீர்த்தனை, அவங்க மெட்டு வேற. எது சரின்னு அன்னைக்கு ஆரம்பிச்ச வாக்குவாதம் இன்னும் எங்களுக்குள்ள ஓடுது. இப்ப நான் இங்க ஒரு இங்கிலீஷ் சர்ச் பாடகர் குழுவுலயும் பாடுறேன், அவங்களுக்கு ஒரு தமிழ்க் கீர்த்தனை கத்துக்குடுத்துட்டேன். ஆதி தாளத்துல கைதட்டி எண்ணி அவங்க பாடுறப்ப எனக்குப் பெருமையா இருக்கும்.

மார்கழி பஜனையில ஜால்ரா போடுவேன்னு எழுதியிருந்தீங்க. டிசம்பர்ல சனிக்கிழமை சாயங்காலம் டொரண்டோவோட கிழக்குப் பக்கம் ஸ்கார்பரோவுல நாங்க வீடு வீடாப் போவோம். ஹார்மோனியத்தை இந்தக் குளிர்ல வெளிய எடுக்க முடியாது, வீட்டுக்குள்ள போன பொறவுதான். வாசல்ல தாளம் மட்டும்தான். ஜால்ராவுக்கு ஆள் இல்ல. சனிக்கிழமை ஷிஃப்ட்டை இப்பவே காலைக்கு மாத்திக் கேளுங்க, டிசம்பர் பிறந்துட்டா யாரும் மாத்தித் தரமாட்டாங்க.