வாயால் சொன்னால் காலி செய்ய வேண்டுமா?

கேள்வி: சிம்மக்கல் பக்கம் ஒரு பழைய மெத்தை வீட்டின் மாடியில் பல வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். போன வாரம் வீட்டு ஓனரோடு, கட்டட ஆய்வாளர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஞாயித்துக்கிழமைக்குள்ள காலி பண்ணிருங்க" என்றார். காகிதம் எதுவும் தரவில்லை. போய்த்தான் ஆக வேண்டுமா?
- வாசகி, மதுரை

பதில்: வாயால் சொன்னது உத்தரவு ஆகாதும்மா. ஆய்வாளர் வரலாம், பார்க்கலாம், மேலே அறிக்கை எழுதலாம். காலி செய்யச் சொல்லும் உத்தரவு மாநகராட்சி ஆணையர் பெயரிலோ, அவர் அதிகாரம் கொடுத்தவர் பெயரிலோ எழுத்தில் வர வேண்டும். சட்டப் பிரிவு, காரணம், தேதி, கையெழுத்து எல்லாம் அதில் இருக்க வேண்டும். 2023 ஏப்ரலிலிருந்து நடப்பில் இருப்பது 1998-ம் ஆண்டு தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம். பழைய 1971-ம் ஆண்டு மதுரை மாநகராட்சிச் சட்டத்தின் பிரிவைப் போட்டு நோட்டீஸ் வந்தால், அதையே கேள்வியாகக் கேளுங்கள்.

ஓனரும் கூடவே வந்தார் என்கிறீர்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. வாடகைதாரரை வெளியேற்ற அவர் வாடகை நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அதுவரை கரண்டையோ தண்ணீரையோ நிறுத்தக் கூடாது என்கிறது 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டம்.

15 நாள் நோட்டீஸ் வேண்டும் என்ற 2024 நவம்பர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை யாராவது உங்களுக்குச் சொல்வார்கள். அது விதிமீறல் கட்டடங்களை இடிப்பது பற்றியது. உங்களுக்கு நேராக உதவாது.

சரி, சுவர் நிஜமாகவே விரிந்திருந்தால்? அப்போது உடனே வெளியேற்றும் அதிகாரம் மாநகராட்சிக்கு உண்டு, அது நியாயமும்கூட. 2020 தீபாவளி அன்று விளக்குத்தூண் பக்கம் தீப்பிடித்த பழைய கட்டடம் இடிந்து தீயணைப்பு வீரர்கள் இரண்டு பேர் இறந்தார்கள். அந்த வட்டாரத்து சுண்ணாம்புக் காரை வீடுகளை நான் சும்மா நம்ப மாட்டேன். தகுதியுள்ள ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரை வைத்து நீங்களே பார்த்துவிடுங்கள். அவரும் ஆபத்து என்றால் சாமானை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுங்கள். இடிந்துபோகும் நிலையில் இருந்த கட்டடத்தை நகராட்சியே இடித்தாலும் வாடகை உரிமை தானாக அழியாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இறங்கும் முன் வீட்டைப் படம் எடுத்து வையுங்கள். 'பாதுகாப்புக்காக மட்டுமே போகிறோம், உரிமையை விடவில்லை' என்று ஓனருக்கு ஸ்பீடு போஸ்டில் எழுதுங்கள்.

அதிகாரியின் உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட சென்னைக்கு ஓட வேண்டாம், மேலூர் ரோட்டிலேயே அதன் மதுரைக் கிளை இருக்கிறது. ஆனால் எந்த உத்தரவை எதிர்க்கிறீர்கள் என்றுதான் அங்கே முதலில் கேட்பார்கள். அதனால் இன்றைக்கே ஆணையருக்கு ஒரு ஸ்பீடு போஸ்ட் போட்டு, உத்தரவு இருந்தால் நகல் தரச் சொல்லிக் கேளுங்கள்.