நீல விளக்கு ஏன் எரியவில்லை?

வீட்டில் பிள்ளைகளோடு செய்யும் விளையாட்டுகள், சோதனைகள், செயலிகள் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளும் எங்கள் பதில்களும்.

கேள்வி: அட்டையில் காப்பர் டேப் ஒட்டி, பட்டன் செல் வைத்து என் மகள் ஒரு மின்னும் படம் செய்தாள். சிவப்பு எல்.இ.டி. நன்றாக எரிகிறது. அதே செல்லில் நீலத்தையும் சேர்த்தால் சிவப்பு மட்டும் எரிகிறது. சிவப்பைக் கழற்றினால் நீலம் எரிகிறது! எதில் கோளாறு?

பதில்: எதிலும் கோளாறு இல்லை. சிவப்பைக் கழற்றியதும் நீலம் எரிந்ததைக் கவனித்தீர்களே, விடையே அதில்தான் இருக்கிறது. சிவப்பு எல்.இ.டி.க்கு ஏறக்குறைய 2 வோல்ட் போதும். நீலத்துக்கும் வெள்ளைக்கும் 3 வோல்ட் பக்கம் வேண்டும். பட்டன் செல் 3 வோல்ட்தான் என்றாலும் அதற்கு உள்தடை (செல்லுக்கு உள்ளேயே இருக்கும் மின்தடை) அதிகம்; மின்னோட்டத்தைக் கூடுதலாக இழுத்தால் வோல்டேஜ் இறங்கிவிடும். பக்க இணைப்பில் இரண்டையும் வைத்ததும் சிவப்பு முந்திக்கொண்டு இழுக்கிறது, வோல்டேஜ் 2-ஐ ஒட்டி வந்து நிற்கிறது. நீலம் பட்டினி.

ஒரு செல்லுக்கு ஒரே நிறம் என்று வைத்துக்கொள்வது எளிய வழி. பல நிறங்கள் வேண்டுமானால் பட்டன் செல்லை விட்டுவிட்டு, மூன்று டபுள் ஏ பேட்டரி போடும் பெட்டிக்கு மாறுங்கள். அதில் 4.5 வோல்ட் வரும். ஒவ்வொரு சிவப்புக்கும் 270 ஓம் ரெசிஸ்டர், ஒவ்வொரு நீலத்துக்கும் 150 ஓம் ரெசிஸ்டர் தனித்தனியாகச் சேர்த்தால், இரண்டிலும் 10 மில்லி ஆம்பியர் அளவில் மின்சாரம் ஓடி, இரண்டும் எரியும். பட்டன் செல்லில் ரெசிஸ்டர் இல்லாமல் தப்பித்தோமே என்று இங்கும் விட்டுவிடாதீர்கள். அங்கே செல்லின் உள்தடையே ரெசிஸ்டர் வேலையைப் பார்த்தது. டபுள் ஏ பேட்டரிக்கு உள்தடை மிகக் குறைவு, எல்.இ.டி. ஒரு நொடி பளிச்சென்று எரிந்துவிட்டுக் கருகிப்போகும்.

காப்பர் டேப்பிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மூலை திரும்பும் இடத்தில் டேப்பை வெட்டி, ஒரு துண்டின் மேல் இன்னொரு துண்டை ஒட்டினால் பல சமயம் மின்சாரம் போகாது. செம்பு மின்கடத்திதான், அடியில் இருக்கும் பசை அப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. வெட்டாமல் மடித்துத் திருப்புங்கள். எல்.இ.டி.யின் காலையும் பசைக்கு அடியில் புதைக்காமல் செம்பின் மேல் படிய வைத்து, அதன்மேல் சாதாரண செலோடேப்பை அழுத்தி ஒட்டுங்கள். நீளமான கால் பாசிட்டிவ். காலை வெட்டிவிட்டீர்கள் என்றால் தலையின் விளிம்பைத் தடவிப் பாருங்கள், தட்டையாக இருக்கும் பக்கம் நெகட்டிவ்.

வீட்டில் எதையும் வாயில் போடும் வயதில் குழந்தை இருந்தால் பட்டன் செல்லே வேண்டாம். 20 மில்லிமீட்டர் அகலமுள்ள சி.ஆர். 2032 செல் சிறு குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். செல் உடைந்து கசிய வேண்டும் என்றுகூட இல்லை. ஈரமான திசுவில் மின்சாரம் பாய்ந்தே காரம் (அல்கலி) உண்டாகி, 2 மணி நேரத்துக்குள் கடுமையாக அரித்துவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்கவைக்க முயலாமல் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுங்கள்.

கேள்வி: கட்டளைக் கட்டங்களை மாட்டி நிரல் செய்யும் ஸ்க்ராட்ச்சில், மேலிருந்து விழும் பந்தைக் கூடையில் பிடிக்கும் விளையாட்டை என் 10 வயது மகன் செய்திருக்கிறான். ஒரு பந்தைப் பிடித்தால் 1 மதிப்பெண் வர வேண்டும். ஒரேயடியாக 12, 15 என்று தாவுகிறது. சில நேரம் பந்து தரையிலேயே நின்றுவிடுகிறது.

பதில்: கட்டளைகளைத் திரும்பத் திரும்பச் செய்யும் 'ஃபார்எவர்' வளையம் நொடிக்குச் சுமார் 30 முறை சுற்றுகிறது. பந்து கூடையைத் தொட்டபடி அரை நொடி இருந்தால், 'தொடுகிறதா?' என்ற கேள்விக்கு 15 தடவை 'ஆமாம்' என்று பதில் வரும். மதிப்பெண்ணும் 15 கூடும். கணினி சொன்னதைச் சரியாகத்தான் செய்கிறது. 'ஒரு முறை' என்று நாம் மனத்தில் நினைத்தோம், கட்டளையில் எழுதவில்லை.

மதிப்பெண்ணில் 1 கூட்டும் கட்டத்துக்கு அடுத்தபடியாகவே, பந்தை மேலே அனுப்பும் கட்டத்தை மாட்டச் சொல்லுங்கள்: ஒய் (உயரம்) மதிப்பு 180, எக்ஸ் (பக்கவாட்டு இடம்) மதிப்பு மைனஸ் 220 முதல் 220 வரை ஏதோ ஒன்று. அடுத்த சுற்றில் பந்து கூடையைத் தொடாது. இரண்டுக்கும் நடுவில் ஒலி எழுப்பும் கட்டத்தை வைப்பதானால் 'ஸ்டார்ட் சவுண்ட்' பயன்படுத்தவும். 'அன்டில் டன்' என்று முடியும் கட்டத்தை வைத்தால் ஒலி தீரும்வரை பந்து கூடையிலேயே தொங்கும்.

பந்து தரையில் நிற்பதற்கு அநேகமாகச் சமக்குறிதான் காரணம். மேடையின் உயரம் 180-லிருந்து மைனஸ் 180 வரை. ஒவ்வொரு சுற்றிலும் 7 புள்ளி இறங்கும் பந்து மைனஸ் 177-க்கு வரும், பிறகு மைனஸ் 184-க்குப் போகும். மைனஸ் 180-இல் நிற்கவே நிற்காது. 'ஒய் = -180' என்று எழுதியிருந்தால் அதை 'ஒய் < -170' என்று மாற்றினால் சரியாகிவிடும். மறுபடி ஆடும்போது பழைய மதிப்பெண் அப்படியே நிற்கிறது என்பதுதான் அடுத்த புகாராக இருக்கும். விளையாட்டைத் தொடங்கும் பச்சைக் கொடிக் கட்டத்துக்கு அடியில் மதிப்பெண்ணை 0 ஆக்கும் கட்டம் ஒன்று வேண்டும்.

இதையெல்லாம் நீங்களே மவுஸை வாங்கிச் சரிசெய்து கொடுக்காதீர்கள். வளையத்துக்குள் 0.5 நொடி காத்திருக்கும் கட்டம் ஒன்றைப் போடச் சொல்லுங்கள். எல்லாம் மெதுவாக நகரும்போது மதிப்பெண் எங்கே ஏறுகிறது என்று அவனே பார்த்துவிடுவான்.

கேள்வி: ஒன்றரை வயதுக் குழந்தைக்கு எழுத்து கற்றுத்தரும் செயலிகள் உண்டா?

பதில்: உண்டு, வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 2 வயதுக்குக் கீழ் திரையைப் பரிந்துரைப்பதில்லை. 2 முதல் 4 வயது வரை நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது, குறைத்தால் இன்னும் நல்லது என்கிறது. ஒன்றரை வயதில் மூடியைத் திறந்து மூடும் டப்பாவைவிடச் சிறந்த கல்விச் சாதனம் இல்லை.

கேள்வி: கணினி இல்லாமலே கணினி எப்படி வேலை செய்கிறது என்று 8, 9 வயதுப் பிள்ளைகளுக்குக் காட்ட முடியுமா?

பதில்: ஒரு மந்திர வித்தையாகவே காட்டலாம். ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் கறுப்பு என்று 36 சதுர அட்டைகள் வெட்டிக்கொள்ளுங்கள். பிள்ளையிடம் 25-ஐக் கொடுத்து 5 வரிசை, 5 பத்தியாக, கறுப்பும் வெள்ளையும் கலந்து இஷ்டம்போல் அடுக்கச் சொல்லுங்கள். 'இது ரொம்பச் சுலபம், இன்னும் கஷ்டமாக்குகிறேன்' என்று சொல்லிக்கொண்டே வலப்பக்கம் ஒரு பத்தியும் அடியில் ஒரு வரிசையும் நீங்கள் சேர்க்க வேண்டும். வித்தையே இங்குதான். ஒவ்வொரு வரிசையிலும் ஒவ்வொரு பத்தியிலும் கறுப்பின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வருமாறு வைக்கிறீர்கள். வலது மூலை அட்டையை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். வரிசைக்குப் பொருந்துவது பத்திக்கும் பொருந்தும். பொருந்தவில்லை என்றால் முன்பே எங்கோ எண்ணிக்கை தவறியிருக்கிறது.

பிறகு திரும்பி நின்றுகொள்ளுங்கள். பிள்ளை ஏதாவது ஓர் அட்டையைப் புரட்டிவைக்கட்டும். கறுப்பு ஒற்றைப்படையாக இருக்கும் வரிசை ஒன்று, பத்தி ஒன்று. இரண்டும் வெட்டும் இடத்தில் இருப்பதுதான் புரட்டிய அட்டை.

செய்பவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் பூஜ்யம். ஒரு வரிசையில் கறுப்பே இல்லை என்றால் அது இரட்டைப்படைதான், அதைத் தொடாதீர்கள். ரகசியத்தை உடனே சொல்லிவிடவும் வேண்டாம். மூன்றாவது முறைக்குள் பிள்ளைகள் 'நீங்கள் சேர்த்த அட்டைகளில் ஏதோ இருக்கிறது' என்று மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

பிடிபட்ட பிறகு இரண்டு அட்டைகளைப் புரட்டச் சொல்லுங்கள். ஒரே வரிசையில் இரண்டு என்றால் வரிசை எண்ணிக்கை இரட்டையாகவே இருக்கும், பத்திகள் மட்டும் காட்டிக்கொடுக்கும். தவறு நடந்திருப்பது தெரியும், எந்த வரிசையில் என்று தெரியாது. ஒரு செவ்வகத்தின் நான்கு மூலைகளில் உள்ள அட்டைகளைப் புரட்டினால் எதுவுமே தெரியாது! தகவல் அனுப்பும்போது ஒரு பிட் (0 அல்லது 1) மாறிவிட்டதா என்று கணினிகள் சோதிக்கும் முறைகளில் இதுவும் ஒன்று. அதன் பலமும் ஓட்டையும் 36 அட்டையில் அப்படியே இருக்கின்றன.

தொடர்ச்சியாக, ஏதாவது ஒரு புத்தகத்தின் பின்னட்டையில் உள்ள 13 இலக்க ஐ.எஸ்.பி.என். எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இலக்கங்களை இடமிருந்து வலமாக 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டினால் விடை பூஜ்யத்தில் முடியும். ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதிவிட்டுக் கூட்டிப் பார்த்தால் முடியாது.

கேள்வி: ஊசலின் எடையைக் கூட்டினால் மெதுவாக ஆடுகிறது என்று என் மகள் சோதனை செய்து 'நிரூபித்து' விட்டாள். எடைக்கும் நேரத்துக்கும் தொடர்பில்லை என்கிறது பாடப்புத்தகம். அவளிடம் என்ன சொல்வது?

பதில்: அவள் அளந்தது சரியாகவே இருக்கும். எடையை எப்படிக் கூட்டினாள் என்று கேளுங்கள். ஒரு நட்டுக்குக் கீழே இன்னொரு நட்டு, அதற்குக் கீழே இன்னொன்று என்று தொங்கவிட்டிருப்பாள். அப்போது எடை மட்டுமா கூடியது? எடையின் மையம் கீழே இறங்கி, ஊசலின் நீளமும் கூடிவிட்டது. அவள் கண்டுபிடித்தது நீளத்தின் விளைவை. நட்டுகளை ஒரே கொக்கியில் பக்கவாட்டில் மாட்டி, மையம் நகராமல் பார்த்துக்கொண்டு மறுபடி அளக்கட்டும்.

நூலின் நீளத்தை முடிச்சு வரை அளப்பது இன்னொரு பிழை. குண்டின் நடுப்பகுதி வரை அளக்க வேண்டும். அது 25 சென்டிமீட்டர் என்றால் ஒரு முழு அலைவுக்கு (போய்த் திரும்பி வர) 1 நொடி, 1 மீட்டர் என்றால் 2 நொடி. ஒரே அலைவை அளந்தால் கடிகாரத்தை அழுத்தும் விரலின் தாமதம் கணக்கைக் கெடுத்துவிடும். 10 அலைவுகளை அளந்து 10-ஆல் வகுங்கள். குண்டு நடுவைக் கடக்கும்போது 'பூஜ்யம்' என்று தொடங்குங்கள். 'ஒன்று' என்று தொடங்கினால் ஓர் அலைவு குறைந்துவிடும். 1 மீட்டர் ஊசலைப் பக்கவாட்டில் ஒரு சாணுக்குள் இழுத்து விட்டால் போதும். 60 டிகிரி வரை இழுத்தால் நேரம் 7 சதவீதம் கூடிவிடும்.

2 நொடி ஊசலை 1 நொடி ஊசலாக்க நூலை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று முதலில் ஊகிக்கச் சொல்லுங்கள். பெரியவர்களும் 'பாதி' என்பார்கள். கால் பங்காக்க வேண்டும்.

கேள்வி: களிமண் பொம்மைகளை வைத்து போனில் ஸ்டாப் மோஷன் எடுக்கிறோம். படம் மினுக்மினுக்கென்று துடிக்கிறது.

பதில்: ஒவ்வொரு படத்துக்கும் கேமரா வெளிச்சத்தைப் புதிதாகக் கணக்கிடுவதால் வரும் துடிப்பு. திரையில் பொம்மையின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பல போன்களில் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் (வெளிச்ச அளவும்) பூட்டிக்கொள்ளும். அப்படியும் துடித்தால் ஜன்னலைச் சந்தேகப்படுங்கள். மேகம் நகர்ந்தாலே வெளிச்சம் மாறும். ஜன்னல் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு ஒரே விளக்கில் எடுங்கள். படம் எடுப்பவர் ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்குப் பின்வாங்கி நிற்க வேண்டும், அவருடைய நிழலும் வெள்ளைச் சட்டையும்கூட வெளிச்சத்தை மாற்றும்.

நொடிக்கு 12 படம் என்றால் 10 நொடிக்கு 120 படம். 6 வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு பொறுமை இருக்காது. நொடிக்கு 6 படமே நன்றாக வரும். பொம்மை நகரத் தொடங்கும்போது 2 மில்லிமீட்டர், பிறகு 4, பிறகு 6 என்று கூட்டி, நிற்கும்போது அதேபோல் குறைத்தால் நடை உயிரோடு இருக்கும். விளக்குச் சூட்டில் களிமண் இளகிக் கால் மடங்கினால், பொம்மைக்குள் மெல்லிய கம்பியைச் செருகிவிடுங்கள்.