மாடு களைக்கும், மோட்டார் களைக்காது

அன்புள்ள ஐயா,

செல்போன் பற்றிய கட்டுரையில், கருவிகளுக்கே ஒரு சாய்வு உண்டு என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அது மிகையாகப் படுகிறது. கத்தியால் பழமும் நறுக்கலாம், ஆளையும் குத்தலாம். எல்லாம் பிடித்திருக்கும் கையைப் பொறுத்ததுதானே? என் அப்பா விவசாயி. "மோட்டார் வந்துதான் ஊர் கெட்டுது" என்பார். மோட்டார் இல்லாவிட்டால் நான் கல்லூரிக்கே போயிருக்க மாட்டேன் என்று நான் சண்டைக்குப் போவேன். நீங்கள் யார் பக்கம்?

பல்லடத்திலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

செல்போன் கிடக்கட்டும். கத்தியைவிட உங்கள் அப்பாவின் மோட்டார் நல்ல உதாரணம்.

மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீரை இறைப்பதற்குக் கவலை என்று பெயர். அந்தக் காலத்தில் ஒரு ஜோடி மாடு, வடக்கயிறு, தண்ணீர் அள்ளும் சால், அதில் தைத்த தோல், ஓட்ட ஓர் ஆள். மாடு களைத்தால் நிறுத்தியாக வேண்டும். அதற்குள் கிணற்றில் கொஞ்சம் ஊறிவிடும். பல கிணறுகள் பங்காளிகளுக்குப் பொது, இன்ன நாள் இன்னார் முறை என்று கணக்கு. கிணற்று மேட்டில் அடிதடியும் நடக்கும். ஆனால் எவ்வளவு இறைக்கலாம் என்பதை மாட்டின் மூச்சு முடிவு செய்தது. உடனே பழங்காலத்தை நினைத்துப் பெருமூச்சு விடாதீர்கள். விடியும் முன் கவலை ஓட்டியவர்களிலும் தோல் தைத்தவர்களிலும் பண்ணையத்துக்கு இருந்த அருந்ததியர்கள் நிறையப் பேர். மோட்டார் அவர்கள் முதுகை நிமிர்த்தியது, கூடவே வேலையையும் பறித்தது.

1932-இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தது. அப்புறம் கோவைப் பட்டறைகளே மோட்டாரும் பம்பும் செய்யத் தொடங்கின. மோட்டாருக்குக் களைப்பு இல்லை. ஆழப்படுத்தக் காசு உள்ளவர் கிணற்றுக்குப் பக்கத்துக் கிணற்றின் ஊற்றும் சேர்ந்து போனது. அவர் கெட்டவர் என்று சொல்ல முடியுமா? சுவிட்சைத் தட்டினார், அவ்வளவுதான். உங்கள் கத்தி உதாரணம் இங்கேதான் உதவவில்லை. குத்த நினைத்தவர் யாருமே இல்லை, பக்கத்துக் கிணறு வற்றிவிட்டது.

அதுவரை வானத்தைப் பார்த்தவர்கள் ஈ.பி. ஆபீசைப் பார்க்க ஆரம்பித்தார்கள். பங்காளியோடு இருந்த வழக்கு அரசாங்கத்தோடு ஆனது. 1970-இல் யூனிட்டுக்குச் சில பைசா ஏற்றியதற்கு எதிரான போராட்டத்தில் திருப்பூர் பக்கத்துப் பெருமாநல்லூரில் துப்பாக்கிச்சூடு நடந்து விவசாயிகள் செத்தார்கள். 1972-இல் விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டுவண்டிகள் கோவை நகரத்தை அடைத்து நின்றன. எந்த மாட்டை மோட்டார் வீட்டுக்கு அனுப்பியதோ அதே மாடு மின்கட்டணத்துக்காக ரோட்டுக்கு வந்தது! 1984-இல் சிறு விவசாயிகளுக்கும் பிறகு எல்லோருக்கும் மின்சாரம் இலவசமானது. பில் இல்லாத இடத்தில் மீட்டர் எதற்கு? எவ்வளவு மின்சாரம் போகிறது என்பதே மதிப்பீட்டுக் கணக்காகிவிட்டது. 2020-இல் மின்சார மானியத்தை விவசாயியின் வங்கிக் கணக்கில் போடலாம் என்று மத்திய அரசின் வரைவு மசோதா சொன்னபோது இங்கே கொதித்தார்கள். மீட்டர் வந்தால் பின்னாலேயே பில்லும் வரும் என்ற பயம். அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடிக்குப் போன பிறகு காசு கொடுத்துக் கரண்ட் வாங்கினால் எந்த வெள்ளாமையும் கட்டாது. ஆனால் அந்த ஆயிரம் அடிக்குப் போனதில் இலவசத்துக்கும் பங்கு உண்டு. இதை எந்தக் கட்சி மேடையில் சொல்லும்?

மாட்டின் மூச்சு வைத்திருந்த எல்லையை இன்று மோட்டார் ஓடத் தேவையான மும்முனை மின்சாரத்தின் நேரம் வைத்திருக்கிறது. அது நடுராத்திரியில் வந்தால் டார்ச்சோடு தோட்டத்துக்குப் போக வேண்டியதுதான். உங்கள் அப்பா எத்தனை இரவு அப்படிப் போனார் என்று கேட்டுப் பாருங்கள். அவர் கோபத்தில் பாதி தூக்கம் கெட்ட கோபமாக இருக்கலாம்.

நீங்கள் சொல்வதும் பொய்யில்லை. கவலை ஓடியிருந்தால் மாட்டின் பின்னால் நடக்க ஓர் ஆள் வேண்டும், அது நீங்களாக இருந்திருப்பீர்கள்.

இப்போது செல்போனிலிருந்தே மோட்டாரைப் போடும் ஸ்டார்ட்டர் வந்துவிட்டது. உங்கள் வீட்டில் அந்தப் போன் யார் கையில் இருக்கிறது?